விறாந்தைத் தூணின் அடி உக்கினால்

கேள்வி: அப்பப்பா காலத்து ஓட்டு வீடு. முன் விறாந்தையின் நாலு மரத் தூண்களில் இரண்டு அடியில் உக்கிவிட்டன. சுற்றிச் சீமெந்து பூசினால் சரி என்கிறார் மேசன். செய்யலாமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம் தங்கச்சி. சீமெந்துக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், வெளியே பளபளவென்று இருக்க உள்ளே தூண் மாவாகிவிடும்.

முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போங்கள். புட்டு மாதிரி உதிர்கிற இடம் உக்கல், ணங்கென்று நிற்கிற இடம் நல்ல மரம். மண் குழாய் தெரிந்தால் கறையானும் இருக்கிறது, அதற்கு முதலில் மருந்து அடிக்க வேண்டும்.

உக்கல் அடியில் ஒரு அடி, ஒன்றரை அடியோடு நின்றால் முழுத் தூணையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அறுக்க முன் தூணின் மேல் கிடக்கும் வளைக்கு (உத்தரத்துக்கு) இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், அந்த இடத்து ஓட்டுப் பாரம் அந்தத் தூணில்தான் நிற்கிறது. அப்புறம் உக்கினதை அறுத்தெடுத்து, முதிரை மரமோ பாலை மரமோ காய்ந்த துண்டாகப் பார்த்து, அந்தத் துண்டையும் மிச்சத் தூணையும் பாதிப் பாதி செதுக்கிப் பொருத்தி, துருப்பிடிக்காத போல்ட் இரண்டு முடுக்கலாம். நல்ல தச்சர் வேண்டும், இது மேசன் வேலையில்லை.

தூணைத் திரும்ப நிலத்தில் புதைக்காதீர்கள். ஆறு அங்குல உயரத்தில் கொங்கிறீட் கட்டை போட்டு, அதில் பதித்த இரும்புப் பாதத்தில் நிறுத்துங்கள். மாரிக்கு முன் முடித்துவிடுங்கள்.