புஸ்பாகோம் தேதி விட்டுப்போச்சா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். மலேசியாவுல பேராக் சுங்கை சிப்புட்ல செம்பனை லோரி ஓட்டினேன், பிறகு ஒரு டிரான்ஸ்போர்ட் தவுக்கே, அதாவது முதலாளிகிட்ட வண்டி பேப்பர் எல்லாம் பாத்தேன், இப்போ சொந்தமா ரன்னர் வேலை, மத்தவங்க வண்டி பேப்பர முடிச்சுக் கொடுக்குறது, எல்லாம் சேத்து 20 வருஷம் தாண்டிருச்சு. லோரி, வேன் மாதிரி வண்டிங்கள தேதி தவறாம செக்கிங் பண்ற கம்பெனிதான் புஸ்பாகோம். போன வாரம் ரொட்டி சானாய் கடையில ஒரு தம்பி "செக்கிங் தேதி முடிஞ்சு 2 மாசம் ஆச்சுண்ணே, ஒண்ணும் ஆகலையே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். சரி, யாருக்கு என்ன சந்தேகமோ எழுதி அனுப்புங்கன்னு சொன்னேன், இவ்ளோ வரும்னு நெனக்கல. வந்த வரிசையில இல்ல, எனக்குத் தோணின வரிசையில சொல்றேன்.

ஸ்கூல் வேன் அக்கா: தம்பி, என் வேனுக்கு 6 மாசத்துக்கு ஒருக்கா செக்கிங், இந்த தடவ 3 வாரம் தள்ளிப்போச்சு. எவ்ளோ ஃபைன் கட்டணும்?

அக்கா, எல்லாரும் இதைத்தான் மொதல்ல கேக்குறாங்க, ஆனா ஃபைன் பெரிய விஷயமே இல்ல. செக்கிங் பாஸ் ஆகலன்னா ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா சிஸ்டத்துல ரோட்டெக்ஸ் (சாலை வரி) புதுப்பிக்க விடாது. ரோட்டெக்ஸ் இல்லாம ரோட்டுல எறங்கினா 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல 15-வது பிரிவு, 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம். அந்த நேரம் பாத்து இன்சூரன்சும் முடிஞ்சிருந்தா 90-வது பிரிவு, 1,000 வெள்ளி வரைக்கும் இல்லன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், லைசன்ஸையும் பிடுங்கிடலாம். உங்களுக்கு அபாட் (பொதுப் போக்குவரத்து ஏஜென்சி) பெர்மிட்டு வேற இருக்கு, அதைப் புதுப்பிக்கப் போறப்பவும் இதே கேள்வி வந்து நிக்கும். ஒரு பூட்டு விழுந்தா அடுத்தடுத்து எல்லாம் பூட்டிக்கும், அவ்ளோதான் விஷயம்.

ரோட்டெக்ஸ் இன்னும் 2 மாசம் இருக்கேன்னு ஓட்டாதீங்க. செக்கிங் தேதி வேற, ரோட்டெக்ஸ் தேதி வேற. ரோடு பிளாக்குல லைட்டு, டயருன்னு பாக்க ஆரம்பிச்சா இதுவும் வெளிய வந்துரும், உள்ள 12 பிள்ளைங்க யூனிஃபார்மோட உக்காந்திருப்பாங்க. இன்னைக்கே புக்கிங் போடுங்க, அதுவரைக்கும் வேற வேன்காரர் யாரையாச்சும் பிள்ளைங்கள ஏத்தச் சொல்லுங்க. பெத்தவங்க திட்டுவாங்கதான், திட்டிட்டுப் போகட்டும்.

புது லோரி முதலாளி: உள்ள போனா என்னதாங்க பாக்குறாங்க? மொத தடவ போறேன், கொஞ்சம் பயமா இருக்கு.

பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா தயாரா போகணும். மொதல்ல சேசி நம்பர், இஞ்சின் நம்பர் கிரான்ல (வண்டி உரிமைப் பத்திரம்) உள்ளதோட ஒத்து வருதான்னு பாப்பாங்க, துருப்பிடிச்சு நம்பர் தெரியலன்னா அங்கயே நிறுத்திருவாங்க, அதனால மொத நாளே ஒயர் பிரஷ் வச்சு துடைச்சிடுங்க. பிறகு மேல் பாகம், அதாவது லைட்டு, கண்ணாடி, வைப்பர், டயர். அடுத்து புகை. இஞ்சின் சூடாகாம போனா கறுப்பா கக்கும், அதனால செக்கிங் எடம் இருக்குற ஈப்போ வரைக்கும் நல்லா ஓட்டிட்டுப் போங்க, வாசல்ல இஞ்சின அணைச்சுட்டு 1 மணி நேரம் தூங்கிட்டு உள்ள போகாதீங்க.

அப்புறம் ஒரு தட்டு மேல மெதுவா ஏத்தி எறக்கச் சொல்வாங்க, டயர் பக்கவாட்டுல இழுக்குதான்னு அது காட்டும். அடுத்து பிரேக். ரெண்டு ரோலர் நடுவுல டயர் தொபுக்குன்னு எறங்கும், ரோலர் சுத்தும், "பிரேக் மெதுவா அமுக்கு"ன்னு சொல்வாங்க. இங்கதான் பாதி லோரி ஃபெயில். புதுசா வர்றவன் பதட்டத்துல ஒரே அமுக்கா அமுக்கிடுவான். மெதுவா, முழுசா அமுக்கணும். இடது பக்கம் பிடிக்குது வலது பக்கம் பிடிக்கலன்னா திரையில நம்பர் தனித்தனியா காட்டிரும், மறைக்க முடியாது. கடைசில குழிக்குள்ள ஒருத்தர் லைட்டு அடிச்சுக்கிட்டு நிப்பார், மேல நீங்க ஸ்டீரிங்க ஆட்டணும், கீழ அவர் ஸ்டீரிங் மூட்டு, ஸ்பிரிங், எண்ணெய் ஒழுகல் எல்லாம் பாப்பார்.

என் அனுபவத்துல ரொம்ப அவமானமான ஃபெயில் எது தெரியுமா? பிரேக் பாஸ், புகை பாஸ், அடிப்பாகம் பாஸ், ஆனா கதவுல எழுதியிருக்குற BTM, BDM-னு எடை எழுத்து வெயில்ல வெளுத்துப் போயிருச்சு. வெறும் வண்டி எடை ஒண்ணு, பாரத்தோட அனுமதிச்ச எடை ஒண்ணு, ரெண்டும் படிக்கிற மாதிரி இருக்கணும். 6 வெள்ளி ஸ்டென்சில் வேலை, அதுக்காக ஒரு நாள் டிரிப்பு போச்சு. தவுக்கே என் மூஞ்சியவே பாக்கல அன்னைக்கு.

ரிட்டையர்டு கிராணி: ஐயா, என் சொந்தக் காடி (கார்), 18 வருஷப் பழசு. நானும் போகணுமா?

வருஷா வருஷம் போகணும்னு சொந்தக் காடிக்கு சட்டம் இல்ல ஐயா. விக்கிறப்போ, பேர் மாத்துறப்போதான் போகணும், அதுக்குப் பேரு பி5. பழைய காடிய பேங்க் கடன்ல வாங்குறவங்களுக்கு பி7. ரோட்டுல ஜேபிஜேகாரங்க வண்டி சரியில்லன்னு நோட்டீஸ் கொடுத்தாலும் கொண்டுபோய் காட்டித்தான் ஆகணும். மத்தபடி நிம்மதியா கோயிலுக்கு ஓட்டுங்க, பிரேக் எண்ணெய் மட்டும் மாத்திக்கிட்டே இருங்க.

லிந்தாங் பையன்: கே.எல். போன ஒருத்தர்கிட்ட காடி வாங்கினேன், பணம் கொடுத்தாச்சு, பேர் இன்னும் மாத்தல. பி5 போன வருஷமே எடுத்தது.

தம்பி, அது செத்துப்போன பேப்பர். அந்த ரிப்போர்ட்டுக்கு கொஞ்ச நாள்தான் உயிரு, அதுக்குள்ள ஜேபிஜே வேலைய முடிச்சிருக்கணும். மறுபடி காடியக் கொண்டு போய் புதுசா எடுக்கணும், அந்த அண்ணனையும் பிடிச்சாகணும். இதுல இன்னொரு தலைவலி இருக்கு. பேர் மாறாத வரைக்கும் நீ வாங்குற சம்மன் எல்லாம் அவர் பேருலதான் ஏறும். அவருக்கு கோவம் வந்து பிளாக்லிஸ்ட்டுன்னு எங்கயாச்சும் நின்னாருன்னா உன் ரோட்டெக்ஸும் நிக்கும். தீபாவளிக்கு அவர் ஊருக்கு வருவாரு இல்ல, அப்ப விட்டுறாத.

இ-ஹெய்லிங் ஓட்டுற தங்கச்சி: அண்ணே எனக்கு எப்போ?

காடிக்கு 3 வயசு தாண்டிருச்சுன்னா வருஷத்துக்கு ஒரு தடவ. விட்டுட்டா வாகன பெர்மிட்டு நிக்கும், பெர்மிட்டு நின்னா ஆப்புல வேலை வராது. அரசாங்கம் உன்னைத் தேடி வர்றதுக்கு முந்தியே போன் பூட்டிரும். சனிக்கிழமை ராத்திரி நல்ல ஓட்டம் இருக்குற நேரத்துலதான் அது நடக்கும், எழுதி வச்சுக்கோ.

தோட்டத்து மண்டோர்: எங்க லோரி தோட்டத்துக்குள்ளயே பழம் ஏத்துது, மில்லுக்கு மட்டும் போகுது. இதுக்கும் செக்கிங்கா?

மில்லுக்கு எந்த வழியா போகுது மண்டோர்? மெயின் ரோட்டைத் தாண்டியா இல்லையா? தாண்டுச்சுன்னா கதை முடிஞ்சது. சட்டத்துல ரோடுன்னா அரசாங்கம் போட்ட தார் ரோடு மட்டும் இல்ல, பொதுமக்கள் போய்வர்ற எந்த ரோடும் அதுல சேரும். லயத்துப் பிள்ளைங்க சைக்கிள்ல போற, கோயில் திருவிழாவுக்கு வெளியாளு வர்ற தோட்டத்து ரோட்ட "எங்க சொந்த ரோடு"ன்னு கோர்ட்ல சொல்லி நிக்க முடியுமா, நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பேர் வேணாம்: செக்கிங் அன்னைக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு மாட்டிட்டு போறாங்களே, நாங்களும் செய்யலாமா?

செய்றாங்க, எனக்கும் தெரியும், எங்க மாட்டுறாங்கன்னும் தெரியும். நான் சொல்லித்தர மாட்டேன். 2025 மே 13-ல தெலுக் இந்தான்ல எஃப்ஆர்யு (கலகத் தடுப்புப் போலீஸ்) லோரி மேல கல்லு லோரி மோதி 9 பேர் போனாங்க, விசாரணையில ஸ்டீரிங் கோளாறு, அளவுக்கு மீறின பாரம்னு வந்துச்சு. அடுத்த மாசமே ஜூன் 9-ல கெரிக் பக்கத்துல பஸ் விபத்துல யுப்சி பல்கலைக்கழக மாணவங்க 15 பேர் போனாங்க. அதுக்கப்புறம்தான் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிய லோரி பஸ்ஸுக்கெல்லாம் கட்டாயமாக்கினார், 2025 அக்டோபர்லேருந்து கட்டம் கட்டமா வருது, அந்தப் பேப்பரும் இப்போ செக்கிங்ல கேப்பாங்க. மொட்டை டயர திரும்ப மாட்டிட்டு வீட்டுக்கு வர்றவன் ஏமாத்துறது ஜேபிஜேவ இல்ல. "காவ்தீம் பண்ணிடலாம்", அதாவது காசு கொடுத்து முடிச்சிடலாம்னு எவனாச்சும் வந்தா அதுவும் வேணாம், லஞ்சச் சட்டத்துல வாங்கினவன் மாதிரியே கொடுத்தவனுக்கும் கேஸ் உண்டு.

மளிகைக் கடை மாமா: தேதி போன நேரத்துல ஆக்சிடென்ட் ஆயிட்டா இன்சூரன்ஸ் வருமா?

உங்க லோரி ரிப்பேர் காசு சந்தேகம்தான் மாமா. வண்டி ஓட்டுற நிலைமையில இல்லன்னு காட்ட அவங்களுக்கு நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிடும். அடிபட்ட மத்த ஆளுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தாகணும், சட்டம் அப்படி, ஆனா கொடுத்துட்டு அதே காச உங்ககிட்ட திருப்பிக் கேக்க வழி இருக்கு. கடைய வித்தாலும் காணாது சில கேஸுக்கு.

வொர்க்‌ஷாப் தம்பி: 2 வருஷமா நிக்கிற லோரி, ரோட்டெக்ஸும் இல்ல. எப்படிண்ணே ஈப்போ கொண்டு போறது?

ஓட்டிட்டுப் போகாத, டோ வண்டி கூப்பிடு. காசு வலிக்கும். ஆனா வழியில மறிச்சா சம்மன், வண்டியையும் பிடிச்சு வச்சுக்கலாம், பிறகு அந்த யார்டுக்கும் டோ தான். மொதல்ல ஜேபிஜே கவுண்டர்ல போய் இந்த மாதிரி நிலைமைன்னு கேளு, என்ன பேப்பர் வேணும்னு அவங்க சொல்வாங்க. இன்னொண்ணு, 1994-லேருந்து செக்கிங்குக்கு புஸ்பாகோம் ஒரே கம்பெனிதான் இருந்துச்சு, அந்த ஒத்தை உரிமை 2024 ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சது, வேற கம்பெனிங்களுக்கும் வழி விட்டாச்சு. நம்ம ஆளுங்க எங்க போனாலும் "புஸ்பாகோம் போறேன்"னுதான் சொல்வாங்க, அது வேற விஷயம்.

டிரைவர் ஒருத்தர்: முதலாளி தேதி முடிஞ்ச லோரியத்தான் கொடுக்குறாரு. முடியாதுன்னா நாளைக்கு வராதங்கிறாரு.

இதுக்கு பதில் எழுத ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. நானும் அப்படி ஓட்டிருக்கேன். ஒரு காண்ட்ராக்டர்கிட்ட இருந்தப்போ, பேர் வேணாம், காலையில 5 மணிக்கு பனியில பழம் ஏத்திட்டு எறக்கத்துல வர்றேன், பிரேக் பெடல் மெத்தைய அமுக்குற மாதிரி உள்ள போச்சு. கியர எறக்கி எறக்கி, ஹேண்ட் பிரேக்க இழுத்து, கடைசியில செம்பனை ஓரத்து கான்ல ஒரு பக்கத்த எறக்கித்தான் நிறுத்தினேன். முன்னாடி பால் வெட்டுக்குப் போற ஒரு பொம்பள மோட்டார்ல போய்க்கிட்டிருந்தாங்க, அவங்க திரும்பிக்கூட பாக்கல. அந்த லோரிக்கு செக்கிங் தேதி முடிஞ்சு 4 மாசம். எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் ஏறினேன்.

அதனால உங்களுக்கு பெரிய பேச்சு பேச எனக்கு யோக்கியதை இல்ல. சம்மன்னு வந்தா ஓட்டினவர் பேருலயும் வரும், முதலாளி மேல மட்டும் இல்ல, ஜிடிஎல் (சரக்கு லோரி ஓட்டுற) லைசன்ஸ் உங்களோடது. வாட்சாப்புல ஒரு மெசேஜ் போடுங்க, "முதலாளி, இந்த நம்பர் லோரி தேதி முடிஞ்சிருச்சு, எப்ப அனுப்புறீங்க"ன்னு மரியாதையா, சண்டை இல்லாம. எழுத்துல வந்தா பாதி பேர் மறுநாளே புக்கிங் போடுறாங்க, நான் பாத்திருக்கேன். மீதிப் பாதி பேர்கிட்ட இருந்தா என்னைக் கூப்பிடுங்க, டிரைவர் தேடுற ரெண்டு பேர் எனக்குத் தெரியும்.

கடைசியா ஒரு தம்பி: ஃபெயில் ஆனா என்ன பண்றது?

ரிப்போர்ட்ல எது ஃபெயில்னு எழுதியிருக்கும், அதை மட்டும் சரி பண்ணிட்டு மறுபடி புக்கிங். தேதி முடிய 1 மாசம் இருக்கும்போதே மொத தடவ போனா ஃபெயில் ஆனாலும் மூச்சு விட நேரம் இருக்கும். தீபாவளி, சீனப் பெருநாள், ஹரி ராயாவுக்கு முந்தின வாரம் புக்கிங் கெடைக்காது, லைன் ரோடு வரைக்கும் நிக்கும். உன்னோடது எப்போ முடியுது? அடுத்த மாசம்னா இன்னைக்கே போடு.