ஜாவா வலைச் செயலி எழுதும் கோப்புகளை எங்கே வைப்பது, அந்த இடத்தை அதற்கு எப்படிச் சொல்வது?

ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டில் ஓடும் உங்கள் செயலி, பயனர்கள் பதிவேற்றும் கோப்புகளை 'அப்லோட்ஸ்' என்ற கோப்புறையில் எழுதுகிறது, உங்கள் கணினியில் எல்லாம் சரி, சர்வரில் மட்டும் கோப்புகள் எங்கே போய் விழுகின்றன என்றே தெரியவில்லை என்கிறீர்கள்.

முதலில் அவற்றைக் கண்டுபிடிப்போம். முழுப் பாதை இல்லாமல் வெறும் 'அப்லோட்ஸ்' என்று கொடுத்தால், ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) எந்தக் கோப்புறையில் நின்று தொடங்கப்பட்டதோ அங்கிருந்துதான் ஜாவா தேடும். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸிலிருந்து ஓட்டினால் ஓரிடம், டெர்மினலில் நீங்களே கிளப்பினால் அப்போது நிற்கும் இடம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக எழுந்தால் அந்தச் சேவைக் கோப்பு சொல்லும் இடம். 'யூசர்.டிர்' என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியை (ஜேவிஎம் வைத்திருக்கும் பெயரிட்ட மதிப்பு) லாகில் ஒரு வரி அச்சிட்டுப் பாருங்கள், தொலைந்தவை அகப்படும்.

அடுத்து யாராவது உங்களிடம் 'கெட்ரியல்பாத்' முறையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். கேட்காதீர்கள். நான் கேட்டேன். அது தரும் பாதை, டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் வார் கோப்பு (செயலி முழுவதையும் ஒன்றாகச் சுருட்டிய கோப்பு) விரிந்து கிடக்கும் இடம். ஒரு பக்கத்தில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திப் புதிய வார் கோப்பை வைத்தேன். டாம்கேட் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதியதை விரித்தது. அதைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் செய்ய வேண்டும். நான்கு மாதப் பதிவேற்றங்கள் கூடவே போயின. தரவுத்தளத்தில் கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசை குலையாமல் இருந்தன. போதாததற்கு, வார் கோப்பை விரிக்காமலே ஓட்டும்படி டாம்கேட்டை அமைத்திருந்தால் அந்த முறை பாதைக்குப் பதில் 'நல்' (null) என்ற வெற்று மதிப்பைத்தான் திருப்பித் தரும்.

ஆகவே இடம் டாம்கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், அதன் முகவரியும் வார் கோப்புக்கு வெளியே இருக்க வேண்டும். டாம்கேட்டின் 'செட்என்வி' ஸ்கிரிப்டில் 'கேட்டலினா ஆப்ட்ஸ்' மாறியில் ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாக முழுப் பாதையைக் கொடுங்கள். (ஜாவா ஆப்ட்ஸில் போடாதீர்கள். அது டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கும் போய்ச் சேரும்.) ஒரே டாம்கேட்டில் ஒரே செயலியின் இரண்டு பிரதிகள் ஓடினால் இது போதாது, ஏனென்றால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி ஜேவிஎம் முழுவதற்கும் பொது. அப்போது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிக் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பு (அந்தப் பிரதிக்கான டாம்கேட் அமைப்புக் கோப்பு) வைத்து, ஜேஎன்டிஐ (பெயரைக் கொடுத்து மதிப்பைத் தேடும் ஜாவா வசதி) வழியாக மதிப்பைக் கொடுங்கள். ஜாவாவில் எழுதப்பட்ட ஜென்கின்ஸ் என்ற கருவி தன் ஹோம் கோப்புறையை ஜேஎன்டிஐ, சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, சூழல் மாறி என்று எல்லா வழியிலும் ஏற்றுக்கொள்கிறது. உங்களுக்கு ஒன்று போதும்.

மதிப்பு கொடுக்கப்படாவிட்டால் என்ன செய்வது? பயனரின் ஹோம் கோப்புறையைத் தானாக எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செயலி எழும்போதே ஒரு லிசனரில் (தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்) சோதியுங்கள்: மதிப்பு இருக்கிறதா, கோப்புறை இருக்கிறதா, ஒரு சிறு கோப்பை எழுதி அழிக்க முடிகிறதா. ஒன்று தவறினாலும் எக்ஸப்ஷன் எறிந்து செயலியை எழவிடாமல் செய்யுங்கள்.

அந்தக் கோப்புறை இல்லையென்றால் நீங்களே உருவாக்கவும் கூடாது. பார்க்க உதவி போலத் தோன்றும் இந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. தரவுக்கெனத் தனி டிஸ்க் இருந்தது. சர்வர் மறுபடி எழுந்தபோது அது மவுண்ட் ஆகவில்லை, அதாவது தன் கோப்புறையோடு இணையவில்லை. செயலி கோப்புறையைக் காணாமல் தானே ஒன்றை உருவாக்கி, ரூட் டிஸ்கில் எழுதத் தொடங்கியது. மறுநாள் யாரோ டிஸ்கை மவுண்ட் செய்ய, பழைய கோப்புகள் திரும்பி வந்தன, அன்று ஏறியவை மறைந்தன. அவை மவுண்டுக்கு அடியிலேயே கிடந்தன, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மவுண்ட் புள்ளியாக உள்ள வெறும் கோப்புறையும் இதே ஏமாற்றைச் செய்யும் என்பதால், இப்போதெல்லாம் டிஸ்கின் உள்ளே ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டுமே செயலியை எழவிடுகிறேன்.

உரிமைகளைச் சரியாகக் கொடுத்த பின்னும் 'படிக்க மட்டுமே' என்ற பிழை வந்தால் உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை மறுபடி மறுபடி போட்டுப் பயனில்லை. டெபியன் லினக்ஸின் டாம்கேட் 9 தொகுப்பில் சிஸ்டம்டியே பெரும்பாலான இடங்களில் எழுதுவதைத் தடுக்கிறது. சேவைக்கு ஒரு ஓவர்ரைடு கோப்பு எழுதி, 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் உங்கள் கோப்புறையைச் சேர்த்து, சேவையை மறுபடி தொடங்குங்கள்.

பதிவேற்றத்தைத் தற்காலிகக் கோப்புறையில் வாங்கிப் பிறகு நகர்த்துகிறீர்களா? இரண்டும் வெவ்வேறு டிஸ்கில் இருந்தால் லினக்ஸில் பழைய 'ரீநேம்டூ' முறை சத்தமில்லாமல் ஒரு ஃபால்ஸைத் தந்துவிட்டு நின்றுவிடும். 'ஃபைல்ஸ்.மூவ்' பயன்படுத்துங்கள், தற்காலிகக் கோப்புறையையும் தரவு டிஸ்கிலேயே வையுங்கள். தரவுத்தளத்தில் முழுப் பாதையை எழுதாமல், தரவுக் கோப்புறையிலிருந்து தொடங்கும் மீதிப் பாதையை மட்டும் எழுதினால், நாளை டிஸ்க் மாறும்போது ஒரே அமைப்பை மாற்றினால் போதும்.

இவற்றையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் 'அப்லோட்ஸ்' வெப்ஆப்ஸுக்குள் விரிந்த செயலியின் கோப்புறையில் இருப்பதாகத் தெரிந்தால், அடுத்த வார் கோப்பைத் தொடுவதற்கு முன் அதை வெளியே நகலெடுத்துவிடுங்கள்.