பாம்பையும் தவளையையும் ஏன் ஒரே துறையில் படிக்கிறார்கள்?

உறவுமுறைப்படி பார்த்தால் இதற்குப் பெரிய நியாயம் கிடையாது. பாம்பைப் போலவே ஊர்வனவற்றில் சேரும் முதலைக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் பறவைதான். தவளை எங்கேயோ தூரத்தில் நிற்கிறது. 1758-இல், உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ், ஊர்வனவற்றையும் தவளை போன்ற இருவாழ்விகளையும் ஒரே வகுப்பில் போட்டார். 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரித்தார்கள், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஹெர்பெட்டாலஜி என்ற துறை மட்டும் பிரியவில்லை.

வெறும் பழக்கதோஷம் என்று சொல்ல மாட்டேன். இரண்டுமே உடல்சூட்டுக்கு வெளிச்சூழலை நம்பியிருப்பவை. களவேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரவில் தலைவிளக்கோடு சருகைக் கிளறுவது, தாழ்வான தடுப்பு கட்டி அதன் ஓரமாக வாளிகளைப் புதைத்து வைப்பது. காலையில் பார்த்தால் அரணையும் தேரையும் ஒரே வாளியில் கிடக்கும்.

ஆராய்ச்சிக் கேள்விகள்தான் வேறுபடுகின்றன. தவளை தோல் வழியாகவும் நீரையும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் தோலைத் தாக்கும், 1999-இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை அதற்கு எமனாகிறது. தோல் கெட்டால் உடலின் உப்புச் சமநிலை குலையும். அப்புறம் இதயமே நின்றுவிடும். குறைந்தது 500 இருவாழ்வி இனங்கள் இதனால் சரிந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். செதில் போர்த்திய ஊர்வனவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கவலை வேறு: முதலைக்குப் பாலினக் குரோமோசோம்களே கிடையாது, குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. பல ஆமைகளுக்கும் இப்படித்தான். கடல் ஆமைகளில் மணல் சூடேறினால் பெண் குஞ்சுகளே அதிகம் பொரிக்கும்.