‘எக்ஸ்ட்ரீம்ஸ் 2’-இல் டம்ப்ளிங்ஸ் கதை எங்கே?

‘எக்ஸ்ட்ரீம்ஸ் 2’ பார்த்தேன், டம்ப்ளிங்ஸ் கதையைக் காணோம், வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டவில்லை. நீங்கள் பார்த்த படத்தில் டம்ப்ளிங்ஸ் கதை முதலிலிருந்தே கிடையாது. நீங்கள் தேடுவது 2004-இல் வந்த ‘திரீ... எக்ஸ்ட்ரீம்ஸ்’.

குழப்பம் பெயரால் வந்திருக்கும். இரண்டுமே மூன்று திகில் குறும்படங்கள் சேர்ந்த தொகுப்புகள். 2002-இல் ‘திரீ’ என்ற தொகுப்பு வந்தது. அமெரிக்காவில் அது 2004 படத்துக்குப் பிறகுதான் வெளியானது, அதுவும் ‘திரீ... எக்ஸ்ட்ரீம்ஸ் 2’ என்ற பெயரில். மூத்த பிள்ளைக்கு இளையவன் பட்டம்!

இயக்குநர் பெயர்களைப் பாருங்கள். ஃப்ரூட் சான், பார்க் சான்-வூக், தகாஷி மீகே என்றால் 2004 படம். கிம் ஜீ-வூன், நோன்சி நிமிபுத்ர், பீட்டர் சான் என்றால் 2002. பொம்மலாட்டப் பொம்மைகள் வரும் தாய்லாந்துக் கதை இருந்தாலும் 2002தான்.

அதற்காகப் பார்த்தது வீண் இல்லை. பீட்டர் சானின் ‘கோயிங் ஹோம்’ எனக்கு இரண்டு தொகுப்புகளிலும் பிடித்த கதை. இறந்துபோன மனைவியை, கணவராக வரும் லியோன் லாய் மூலிகை நீரில் குளிப்பாட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்துக்கொள்வார். பயத்தைவிடப் பாவமாக இருக்கும். அதே 2002 தொகுப்பின் கொரியக் கதை சுமார்தான்.

அப்புறம், ‘டம்ப்ளிங்ஸ்’ தனி முழுநீளப் படமாகவும் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். முடிவு வேறு. முதலில் 2004 தொகுப்பில் உள்ள குறும்படத்தைப் பாருங்கள். டம்ப்ளிங் என்ற அந்தச் சீனக் கொழுக்கட்டையின் பூரணம் என்ன என்பதுதான் கதையே. கர்ப்பம், கருக்கலைப்பு தொடர்பான காட்சிகள் தாங்காது என்றால் இதைத் தொடவே வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது யாருக்குமே சரிப்படாது.