கடலோர மனையில் முள்ளில்லாத புதர் நிற்கிறது. விழுதியா, ஆதொண்டையா? வெட்டிவிடலாமா?

முள் இல்லை, பச்சை கலந்த வெள்ளைப் பூ, வெடித்த காய்க்குள் ஆரஞ்சு நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விழுதிதான். மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபிக்குச் சொல்லியிருப்பீர்கள். தயவுசெய்து இந்தப் புதரை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தாவரவியல் பெயர் காடபா ஃப்ருட்டிகோசா. லின்னேயஸ் 1753-இல் இதை நாய்வேளையின் பேரினமான கிளியோமில் சேர்த்திருந்தார். இன்றைய பெயர் 1914-இல் ட்ரூஸ் என்ற தாவரவியலாளர் வைத்தது. ஆதொண்டையும் இதே குடும்பம் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். முள்ளை மட்டும் நம்பாதீர்கள், ஆதொண்டையிலும் சில கிளைகளில் முள் இருக்காது. பூவைப் பிரித்துப் பாருங்கள். ஆதொண்டைப் பூவில் நீண்ட மகரந்தத்தாள்கள் ஏராளமாக விரிந்து நிற்கும். விழுதியில் நாலைந்துதான். அவையும் பூவின் அடியிலிருந்து கிளம்பாமல், நடுவில் எழும் ஒரு காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். சூற்பையும் அதே காம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். ஒரு பக்கத்தில் குழல் போன்ற உறுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தேன் சுரப்பது அதில்தான். இதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

காயும் வேறு. ஆதொண்டைக்கு உருண்டைக் காய், வற்றல் போடுவோமே அதுதான். விழுதிக்கு மெல்லிய உருளைக் காய். முற்றினால் இரண்டாகப் பிளந்து, ஆரஞ்சு நிறச் சதை போர்த்திய விதைகளைக் காட்டும். உகா என்ற இன்னொரு செடியோ என்று யாராவது கிளப்பினால் இலையைப் பாருங்கள்: உகாவுக்கு எதிரெதிரே ஜோடியாக இலை, விழுதிக்கு மாறிமாறி ஒவ்வொன்றாக இலை. ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்று சிலர் சண்டைக்கு வரலாம். அதனால்தான் பெயரை விட்டுப் பூவைச் சொல்கிறேன்.

இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள். கடுகுக் காரத்துக்குக் காரணமான அதே வகைச் சேர்மங்கள் இந்தக் குடும்பத்திலும் உண்டு. அவற்றைத் தேடித்தான் இறக்கை நுனி சிவந்த கொலோட்டிஸ் வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வருகின்றன. புழு தின்றாலும் செடி திரும்பத் துளிர்க்கும்.

சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று சொல்லி இயந்திரத்தை விட்டு, அதோடு விழுதி, சங்கஞ்செடி, சூரை எல்லாவற்றையும் வழித்தெடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிறகு அதே இடத்தில் காகிதப்பூ நட்டு லாரித் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இன்னும் சில செடிகள் வேண்டுமென்றால், காய் பிளக்கத் தொடங்கும்போதே பறித்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டாலும் எறும்பும் பறவையும் காலி செய்துவிடும். விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துச் சதையைக் கழுவுங்கள், சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்த உயரமான பையில், விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஐப்பசி மழை தொடங்கியதும், வேர்மண் உதிராமல் தரையில் நட்டுவிடுங்கள்.

இருக்கும் புதர் வழியை அடைத்தால் பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள். பூங்கொத்து கிளை நுனியில் வருவதால், மொட்டு விடும் நேரத்தில் நுனியை வெட்டினால் அந்தப் பருவத்துக் காய் கிடைக்காது.