தாத்தா விழுந்த சேதி

கேள்வி: என் மகன் நியூயார்க் பக்கம் கல்லூரியில் படிக்கிறான். இந்த வருடம் அங்கே 'ஜெர்மன் வீடு' என்ற விடுதிக்கு மாறியிருக்கிறான். ஹாலிலும் சமையலறையிலும் ஜெர்மன்தான் பேச வேண்டுமாம். தன் அறையில் எதையும் பேசலாமாம். சாயந்திரம் விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டால் ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறான். ஐப்பசியில் அவன் தாத்தா வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடப்பதைக்கூட, படிப்பு கெடுமென்று அவனிடம் சொல்லவில்லை. தமிழே மறந்துவிடுவானோ? சாதாரண விடுதிக்கு மாறச் சொல்லட்டுமா?
- ஒரு தாய், வலங்கைமான்

பதில்: ஜெர்மன் கிடக்கட்டும். ஐப்பசியில் விழுந்தவரைப் பற்றித் தை பிறந்தும் பேரனுக்குச் சொல்லவில்லையா?

'தாத்தா எங்கே' என்று அவன் கேட்காமலா இருந்திருப்பான்? தூங்குகிறார், வயலுக்குப் போயிருக்கிறார் என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அப்புறம் பேச்சு எங்கே நீளும்? ரெண்டு வார்த்தையில் முடிக்க வேண்டியிருந்தது அவனுக்கா, உங்களுக்கா?

போதாததற்கு, நீங்கள் விளக்கேற்றும் ஆறரை மணிக்கு, இந்தக் குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு. வகுப்புக்கு ஓடுகிறவன் அதற்குமேல் என்ன பேசுவான்?

அந்த வீட்டின் மேல் பழி போடாதீர்கள். அமெரிக்காவில் இது பழைய வழக்கம். மிடில்பரி கல்லூரி 1915-லேயே ஜெர்மனுக்குக் கோடைப் பள்ளி தொடங்கியது. இன்றும் அங்கே சேருகிறவர்கள், வகுப்பில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையிலும் அந்த மொழிதான் பேசுவோம் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். உப்பை எடு என்பதைக்கூட அதில் கேட்டால்தான் நாக்கு பழகும். உங்கள் மகனுக்கோ அறைக்குள் தமிழ் பேசத் தடையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலங்கைமானில் வளர்ந்தவனுக்குத் தமிழ் மறக்காது, விடுங்கள்.

என் அபிப்பிராயம் கொஞ்சம் பழசுதான். பெரியவர் படுத்துவிட்டால் பேரனுக்கு அதில் பங்கு உண்டு. மருந்துச் செலவில் இல்லாவிட்டாலும் கவலையிலாவது. அதைப் பிடுங்கிக்கொள்ள அம்மாவுக்கும் உரிமையில்லை. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகி, அவன் விமான டிக்கெட்டுக்கு அலையும்போது, உன் படிப்புக்காகத்தான் மறைத்தோம் என்பீர்களா? அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றுவது அநியாயம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதரை, அறையில் இருப்பான். விழுந்தது எப்போது, டாக்டர் சொன்னது என்ன, இவ்வளவு நாள் மறைத்தது யார், எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். அப்புறம் போனைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். ஊருக்கு வருவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். கோபித்துக்கொள்வான், வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி மாற்றும் பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.