தாடிக்கு வரி

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'மகா பீட்டர் ரஷ்யாவை மேற்கத்திய பாணியில் நவீனமாக்கினார்; தாடிக்கு வரி போட்டார்.' தாடியை எடுத்துவிட்டால் நாடு முன்னேறிவிடுமா என்று கேட்கிறாள். என் நண்பரோ, அப்படி ஒருவர் வந்து சாட்டையைச் சுழற்றினால்தான் எந்த நாடும் உருப்படும் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. தாடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1697-ல் பீட்டர் ஒரு பெரிய தூதுக்குழுவோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். தான் ஜார் (ரஷ்யப் பேரரசர்) என்று காட்டிக்கொள்ளாமல், பீட்டர் மிகாய்லோவ் என்ற பெயரில். ஏறக்குறைய ஆறே முக்கால் அடி உயரம், யார் நம்பியிருப்பார்கள்? ஆனால் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் கோடாரி பிடித்து மாதக்கணக்கில் வேலை பார்த்தது உண்மை. மறு ஆண்டு மாஸ்கோவில் படைவீரர்கள் கலகம் என்று செய்தி வந்ததும் திரும்பினார். வரவேற்க வந்த பிரபுக்களைக் கட்டித் தழுவினார், அப்புறம் தன் கையாலேயே அவர்கள் தாடியை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

1705-ல் இது ஆணையாகவே வந்தது. தாடி வேண்டுமா, வரி கட்டு. பெரிய வணிகர் என்றால் வருஷத்துக்கு 100 ரூபிள். விவசாயி ஊரில் எப்படியும் இருக்கலாம். நகர வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோபெக், அதாவது ரூபிளில் நூறில் ஒரு பங்கு. வரி கட்டியவர்களுக்குச் செம்பில் ஒரு வில்லை கொடுத்தார்கள், நம்மூர் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. ஒரு பக்கம் அரசாங்கத்தின் இரட்டைத்தலைக் கழுகு. மறுபக்கம் ஒரு மூக்கு, மீசை, தாடி. மேலே 'பணம் பெறப்பட்டது' என்ற வாசகம்.

ஜான் பெர்ரி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அப்போது ரஷ்யாவில் வேலையில் இருந்தார். வரோனிஷ் கப்பல் தளத்தில் தனக்குப் பழக்கமான ஒரு கிழத் தச்சர் முகம் மழித்து வந்ததைப் பார்த்து, 'இளைஞனாகிவிட்டாயே, தாடி எங்கே?' என்று கேலி செய்திருக்கிறார். தச்சர் சட்டைக்குள் கைவிட்டுத் தாடியை எடுத்துக் காட்டினாராம். சவப்பெட்டியில் கூடவே வைத்துப் புதைக்கச் சொல்வேன், மேலே போனதும் புனித நிக்கோலஸுக்குக் கணக்குச் சொல்லவேண்டுமே என்றாராம். கூட வேலை பார்த்தவர்களும் அப்படியே பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

நாடு மாறியது தாடியால் இல்லை, ஒரு தோல்வியால். 1700-ல் நார்வா என்ற இடத்தில் பதினெட்டு வயது ஸ்வீடன் அரசன் பன்னிரண்டாம் சார்லஸ், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையைத் துரத்தியடித்தான். பீரங்கிகள் பறிபோயின. பீட்டர் தேவாலய மணிகளை இறக்கி உருக்கிப் புதிய பீரங்கி வார்க்கச் சொன்னார். 1701-ல் மாஸ்கோவில் கணிதமும் கப்பல் ஓட்டும் கலையும் சொல்லித்தரும் பள்ளி, யூரல் மலைப்பகுதியில் இரும்பு ஆலைகள், 1703-ல் முதல் அச்சுச் செய்தித்தாள் என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் போர்தான் இருக்கிறது. 1709-ல் போல்தாவா என்ற இடத்தில் சார்லஸைத் தோற்கடித்ததும் கணக்குத் தீர்ந்தது.

எனக்கு அவரிடம் பிடித்தவையும் உண்டு. எழுத்துச் சீர்திருத்தத்தின்போது 1710-ல் அச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாத பழைய எழுத்துகளைத் தானே பேனாவால் அடித்திருக்கிறார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. 1722-ல் அரசுப் பணியைப் பதினான்கு படிகளாகப் பிரித்தார். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை எட்டாம் படியை எட்டினால் பரம்பரைப் பிரபு. பிறப்பே எல்லாம் என்றிருந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரி, செலவு யார் தலையில்? ஆண்பிள்ளை என்றால் கைக்குழந்தைக்கும் கிழவனுக்கும் சேர்த்துத் தலைவரி. 1721-ல் ஆலை முதலாளிகள் கிராமங்களை ஆட்களோடு விலைக்கு வாங்கலாம் என்று அனுமதி. ஹாலந்தில் அவர் பார்த்த கப்பல் தளத்தில் கூலிக்கு வேலை செய்தார்கள். தொழிலைக் கொண்டுவந்தவர் அந்தக் கூலிக்காரனைக் கொண்டுவரவில்லை. மேற்கில் பண்ணையடிமை முறை தேய்ந்துபோயிருந்த காலத்தில் இங்கே அது இறுகியது. ஒழிய 1861 வரை ஆனது. சதுப்பு நிலத்தில் எழுந்த அவருடைய புதிய தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கும் பிடித்து வரப்பட்ட ஆட்களின் உழைப்புதான்.

உங்கள் நண்பர் சாட்டை என்றது உவமையாக இருக்கும். அங்கே நிஜச் சாட்டை. 1718 ஜூனில் பீட்டரின் மகன் அலெக்ஸேய்க்கே முதலில் 25 அடி, சில நாள் கழித்து 15 அடி. இரண்டாம் முறை அடி வாங்கிய இரண்டு நாளில் கோட்டைச் சிறையில் இறந்துபோனான். நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மகளுக்குத் தேர்வில் காலண்டர் பற்றியும் கேட்க வாய்ப்பிருக்கிறது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணிய 7208-ஆம் ஆண்டை டிசம்பரோடு முடித்து, மறுநாளை 1700 ஜனவரி 1 என்று அறிவித்தார் பீட்டர். ஆனால் எடுத்துக்கொண்டது சில நாள் பின்தங்கி ஓடும் பழைய ஜூலியன் காலண்டர் கணக்கு. மேற்கோ இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசம் 1918 வரை அப்படியே கிடந்தது. அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பரில் வருவது அதனால்தான்.